கடைசி அறைக்கு நீ போட்ட இசை

இன்று காலை பட்டுப்புழு ஷெட்டைக் கழுவினேன். போன பேட்ச் கூடு கட்டி முடித்து தர்மபுரி அங்காடிக்குப் போய்விட்டது. அடுத்த இளம்புழு வந்து இறங்குவதற்குள் அடுக்கு, தட்டு, தரை, சுவர் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவியாக வேண்டும். வாளியைக் கவிழ்த்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. எரிந்ததற்கு நெடிதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கூடவே சிரிப்பும் வந்தது, அதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. உன் மைக் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஷெட்டுக்குள் மைக் வைத்துப் புழு தின்னும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று நீ கேட்டபோது அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. புழு இருக்கும் இடத்தில் வெளியாட்களை விடுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் ஆகாது. புழு நன்றாக வளர்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதுகூடத் தப்பு. வெளியாளின் கண்ணே படக் கூடாது என்று இருக்கிறோம், இவள் உலகத்துக்கே கேட்க வைக்கிறேன் என்கிறாளே என்று என்னிடம் புலம்பித் தீர்த்தாள். நீ விடவில்லை. மாமியாரைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினாய். கடைசியில் அவள் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். உள்ளே போகிற எதுவும் கழுவாமல் போகக் கூடாது.

நீயும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கை கால் கழுவப் போனாய். திரும்பி வருவதற்குள் அம்மா உன் மைக்கை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, முறத்தில் காய வைத்திருந்தாள். ஆசைப்பட்டு வாங்கிய மைக். உன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மாவோ பெருமையாக, “இப்ப எடுத்துகிட்டுப் போ கண்ணு, சுத்தமா இருக்குது” என்றாள். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அழப் போகிறாய் என்று பயந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் செல்போனை பாலித்தீன் பையில் சுற்றி, பைக்கு வெளிப்பக்கம் மட்டும் அம்மா துடைத்துவிட, அதிலேதான் பதிவு செய்தாய். இன்றைக்கு எந்தெந்த நாட்டிலோ மனிதர்கள் பயந்து அலறுகிற இசை அப்படித்தான் பிறந்தது.

உன்னைப் பெண் பார்க்க ஓசூர்ப் பக்கம் வந்த அன்று, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டது என் பெரிய மாமா. கம்ப்யூட்டர் கேமுக்கு மியூசிக் போடுகிறேன் என்றாய். அவர் காதில் மியூசிக் மட்டும்தான் விழுந்தது. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் வந்து வாசிப்பீர்களா என்று விசாரித்தார்.

“இல்லீங்க. பேய் வர்றப்ப வாசிப்பேங்க” என்றாய்.

பின்னாலிருந்து உன் அம்மா கன்னடத்தில் உன்னை அடக்கினார். மாமா காபியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடினார். நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். வரும் வழியெல்லாம் மாமா, பேய் பிசாசு என்று பேசுகிற பெண் நமக்குச் சரிப்படுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சரிப்படும் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணமான பிறகும் வேலையை விடமாட்டேன் என்றாய். உனக்கு வேலை கொடுத்தது பெங்களூரில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. பயமுறுத்தும் விளையாட்டு ஒன்றை, தொடர்கதை மாதிரி பாகம் பாகமாக வெளியிடத் திட்டம் போட்டிருந்தார்கள். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் நம் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இழுக்க நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். மல்பெரித் தழை போட்டு வைக்கிற பின் அறையை ஒழித்துக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் புழு ஷெட், இந்தப் பக்கம் உன் கீபோர்டு. தக்காளி ஏற்ற வந்த டெம்போ டிரைவர்கள், உன் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்கள்.

எனக்கு கேம் விளையாடத் தெரியாது. அது உனக்கு வசதியாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். நான் வீம்புக்கு இல்லை என்பேன். நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய். கால் விரல்களைப் பார்ப்பாய். அவை மடங்கியிருந்தால் அந்த இசை தேறிவிட்டது என்று அர்த்தம். கதையையும் நீதான் சொன்னாய். ஆளில்லாத பெரிய பங்களா ஒன்றுக்குள், காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு பெண் நுழைகிறாள். அவளை நடத்திப் போவது விளையாடுகிறவர். உள்ளே ஏதோ ஒன்று அலைகிறது. அதற்குப் பெயர் கிடையாது, எல்லோரும் ‘அது’ என்றே சொல்வீர்கள். பங்களாவில் ஒரே ஒரு அறைக்குள் மட்டும் அது வராது. ஓடிக் களைத்தவர்கள் அங்கே போய் மூச்சு வாங்கலாம். அந்த அறைக்கு நீ இசை போட வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் புழுச் சத்தம் கேட்டாய். கூடு கட்டுவதற்கு முந்தின பருவத்தில் புழுக்கள் ஒரே மூச்சாகத் தழை தின்னும். ஷெட் முழுக்க ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம் கேட்கும். எங்களுக்கு அதைவிட நிம்மதியான சத்தம் கிடையாது. நீயும் வந்த கொஞ்ச காலத்திலேயே எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாய். அந்தச் சத்தம் கேட்டால்தான் மத்தியானம் தூக்கம் வருகிறது என்பாய். அதை அடியில் ஓடவிட்டு, மேலே கீபோர்டில் ஒரு சின்ன மெட்டு வைத்தாய். போகலாமா நிற்கலாமா என்று யோசித்து யோசித்து நடக்கிறவருடைய காலடி மாதிரி தயங்கித் தயங்கி வரும். எனக்குக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அம்மாவுக்கும் ஹெட்போன் மாட்டினாய். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நல்லாத் திங்குது. எந்த பேட்சு இது?” என்றாள்.

பெங்களூரில் அதை விளையாடிப் பார்க்கச் சிலரை உட்கார வைத்தார்கள். ஒருவர்கூட அந்த அறையில் தங்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, சத்தத்தைக் கேட்டதும் அலறிக்கொண்டு, ‘அது’ அலைகிற பக்கமே திரும்பி ஓடினார்களாம். சுவருக்குள் ஆயிரம் பூச்சிகள் எதையோ கடித்துத் தின்கிற மாதிரி இருக்கிறது, இந்த மொத்த விளையாட்டிலும் பயங்கரமான இடம் இதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். அம்மா வெகு நேரம் யோசித்தாள். அவர்களெல்லாம் சாப்பிடுகிறவர்களைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டாள்.

புழு வளர்க்கிற வீட்டுக்காரர்கள் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு அது. நீ புகுந்த வீட்டுக்காரி ஆகி, எங்கள் காதை வாங்கி மாட்டிக்கொண்டதால் வந்த தப்பு. கம்பெனியில் அதை எடுத்துவிட்டு சாதாரண பியானோ இசை ஒன்றைக் கேட்டார்கள். கொடுத்தாய். முதல் பாகம் அப்படியே வெளிவந்தது. சுமாராக ஓடியது. நீ ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, சாம்பாரில் உப்பும் சரியாக இல்லை.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் நாம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று நானும் அம்மாவும் சோற்றுக் கையோடு எழுந்து ஷெட்டுக்கு ஓடினோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. பக்கத்துக் காட்டில் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் நம் மல்பெரித் தழையில் படிந்திருந்தது. அந்தத் தழையைப் போட்டதும் புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. அவசர அவசரமாக எல்லாத் தழையையும் வாரி வெளியே கொட்டி, மேட்டுக் கொல்லையிலிருந்து வேறு தழை வெட்டி வந்து போட்டோம். கொஞ்சம் போனது, பெரும்பாலானவை பிழைத்தன. திரும்பி வந்தபோது நீ தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

“எதுக்கு ஓடுனீங்க ரெண்டு பேரும்? ஒரு சத்தமும் கேக்கலையே” என்றாய்.

“அதான் ஓடுனோம்” என்றாள் அம்மா.

நீ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கையைக்கூடக் கழுவாமல் உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். சோறு காய்ந்துபோனது. சாயங்காலம் வந்து, அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் பாகம் வெளிவந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் பாகத்தில் அந்தச் சத்தம் முதலிலிருந்தே இருந்தது. உன் தயங்கும் மெட்டுக்கு அடியில், காற்றுச் சத்தத்துக்கு அடியில், இருப்பதே தெரியாத அளவுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். விளையாடுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பார், கேட்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ‘அது’ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான். அலறலும் இல்லை, இடி முழக்கமும் இல்லை. நின்றுவிட்டது என்று காது சொல்வதற்குள் உடம்பு நடுங்கிவிடும். என்னையும் உட்கார வைத்தாய். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே போய்விட்டேன். நீ என் கால் விரல்களைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு விம்முகிறது. எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள் உன் இசையைப் பற்றி எழுதினார்கள். நின்றுபோவதாலேயே மறக்க முடியாத இசை என்று ஒருவர் எழுதியதை என் அண்ணன் மகள் தமிழில் சொல்லிக் காட்டினாள். மாரண்டஹள்ளியில் செல்போன் கடைக்கு ரீசார்ஜ் செய்யப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவருடைய போனில் உன் தயங்கும் மெட்டு அடித்தது. இது என் வீட்டுக்காரி போட்டது என்றேன். அவர் என் வேட்டியையும் கையிலிருந்த தழைக் கறையையும் பார்த்துவிட்டு, மரியாதையாக, சரிங்கண்ணா என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சண்டை பிடித்தேன். கூட வந்து அவருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாம் பாகத்தை யார் செய்வது என்று என்னைத் துரத்தினாய்.

மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது. தம்பி கிடைத்துவிடுகிறான். அவன் உட்கார்ந்திருக்கிற கடைசி அறைக்கு என்ன இசை என்பதுதான் கேள்வி. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உனக்கு நோய் என்று தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்று. சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைந்தோம். மருந்து ஏறுகிற நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடப்பாய். ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர், சாமி பாட்டா கண்ணு, எனக்கும் கொஞ்சம் போடு என்று கேட்டார். நீ தயங்காமல் அவர் காதிலும் மாட்டினாய். நான் பதறிப்போனேன். அவர் கேட்டு முடித்து, மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

அன்றுதான் நீ தீர்மானித்தாய் என்று நினைக்கிறேன். முதல் பாகத்தில் தள்ளிவிட்ட அந்த இசையையே, முழுசாக, சத்தமாக, கடைசி அறைக்கு வைக்கிறேன் என்றாய். கம்பெனியில் புதிதாக வந்திருந்த இசைப் பொறுப்பாளர் மறுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு தரம் ஆட்களை விரட்டிய சத்தத்தைக் கதை முடிகிற இடத்தில் வைத்தால், அக்காவும் தம்பியும் சேர்கிற நேரத்தில் விளையாடுகிறவர் கதவைத் தேடி ஓடுவார் என்றார். வயலின்களை வைத்துப் பெரிதாகச் செய்யலாம் என்றார். நீ படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய். உன் குரல் அப்போதே கம்மிப்போயிருந்தது.

“மொத பாகத்துல அந்தச் சத்தம் அவங்களுக்கு யாரோ எவரோங்க. ரெண்டாவதுல கூடவே நடந்து வந்துருக்குது. அது இருந்த வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இப்ப அது அவங்க வூட்டு சத்தங்க. வெச்சுப் பாருங்க, உக்காருவாங்க” என்றாய்.

அவர், வைக்கிறேன், ஆனால் வெளியான பிறகு ஆட்கள் ஓடினால் மாற்றிவிடுவேன், வருத்தப்படக் கூடாது என்றார். நீ சரி என்றாய். போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உக்காருவாங்கதானே என்று கேட்டாய். அத்தனை உறுதியாகப் பேசியவள் என்னிடம் கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? உட்காருவாங்க என்றேன். அதற்குப் பதில் தெரிவதற்கு முன்னால் நீ போய்விட்டாய்.

துக்கம் கேட்க வந்தவர்கள், பிள்ளை இல்லாமல் போய்விட்டாளே, பேர் சொல்ல ஒன்று இல்லையே என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கம்பெனிக்கு நான் போன் செய்யவில்லை. செய்து, மாற்றிவிட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? புழு வந்தது, வளர்ந்தது, கூடு கட்டியது. நான் பாட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வந்தாள். மூன்றாம் பாகம் வெளியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. எவராவது விளையாடுவதை அப்படியே படம் பிடித்துப் போடுவார்களாமே, அதில் ஒன்றை நம் டிவியில் வைத்தாள். வேறு ஏதோ தேசத்துப் பெண். சிவந்த முடி, மூக்குத்தி. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம் தெரிந்தது. நானும் அம்மாவும் பங்களாவைப் பார்க்கவில்லை, அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ சத்தத்தை நிறுத்திய இடங்களிலெல்லாம் அவள் துள்ளினாள், கத்தினாள், எதையோ சொல்லித் திட்டினாள். அம்மா ஒவ்வொரு தரமும், நம்ம புள்ள போட்டதுதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கடைசிக் கதவு வந்தது. அவள் அதைத் திறக்கத் தயங்கினாள். திறந்தாள். உள்ளே மூலையில் தம்பி உட்கார்ந்திருந்தான். புழு தின்னும் சத்தம் நம் கூடம் முழுக்க நிறைந்தது, மேலே உன் மெட்டு நடந்து வந்தது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள். போச்சு என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள். விளையாட்டில் வருகிற அக்காவைத் தம்பி பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“ஆட்டம் முடிஞ்சிருச்சாம் சித்தப்பா. ஆனா கொஞ்ச நேரம் இங்கயே இருந்துக்கறேன்னு சொல்றாங்க” என்றாள் அண்ணன் மகள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டிவியைப் பார்த்து, “இரு கண்ணு, இரு. ஒண்ணும் அவசரமில்ல” என்றாள்.

அந்தப் பெண் மட்டும் இல்லையாம். வயது வித்தியாசம் இல்லாமல், தேச வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அங்கே உட்கார்ந்துவிடுகிறார்களாம். இசைப் பொறுப்பாளர் தானே போன் செய்து சொன்னார். மாற்றவில்லை, மாற்றவும் மாட்டோம் என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

எனக்கு அழுகை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உன் அறைக் கதவைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நான் தூக்கிக்கொண்டு திரிவது அழுகையை அல்ல. பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர் எனக்கு என்ன தொழில் என்று கேட்டால், பட்டுப்புழு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுகிறேன். போனை எடுத்து ஒரு பக்கத்து ஹெட்போனை அவர் காதில் மாட்டி, கடைசி அறையைக் கேட்க வைக்கிறேன். பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து கதையைச் சொல்கிறேன். நேற்று ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே, தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்.